மெல்போர்னில் முதல் ஃபுட்டி மேட்ச்: ஒன்றும் தெரியாமல் போகலாமா?

கேள்வி கேட்ட தம்பி மேலூர்க்காரர். வருகிற ஜூலையில் முதுகலைப் படிப்புக்கு மெல்போர்ன் போகிறார். அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியர்கள், வந்து இறங்கிய வாரமே எம்சிஜி என்னும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு ‘ஃபுட்டி’ மேட்ச், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டம், இருக்கிறது, உனக்கும் சேர்த்து டிக்கெட் போடட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். “எனக்குக் கிரிக்கெட்டும் கபடியும்தான் தெரியும். யூட்யூபில் இந்த ஆட்டத்தைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. முப்பது டாலர் கொடுத்து மூன்று மணி நேரம் திருதிருவென்று முழித்துக்கொண்டு உட்கார வேண்டுமா? போவதென்றால் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்? நம்மைப் போன்ற ஆட்களை அந்தக் கூட்டத்தில் எப்படி நடத்துவார்கள்?” இதுதான் அவர் கேட்டது.

போங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம். படிக்கப் போன ஊரில் நான் செலவழித்த பணத்தில், அந்த முதல் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசைப் போல வேறெதுவும் எனக்குத் திரும்பி வரவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு அலங்காநல்லூர் பக்கம். 2015 ஜூலையிலிருந்து 2017 நடுவரை மெல்போர்னில் மேற்குப் பகுதியில் இருக்கும் ஃபுட்ஸ்க்ரே என்ற இடத்தில் தங்கிப் படித்தேன். இப்போது மதுரையில்தான் வேலை. போன புதிதில் உங்களைப் போலவே நானும் வீடியோ பார்த்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. காரணம் நாம் இல்லை, கேமரா. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். இந்த ஆட்டமோ பந்து இல்லாத இடத்தில்தான் பாதி நடக்கிறது. ஒரு பக்கத்துக்கு 18 பேர், மொத்தம் 36 பேர், ஒரு கிரிக்கெட் மைதானம் முழுக்கப் பரவி நிற்பார்கள். பந்து எங்கே போகப் போகிறது என்பதை முன்கூட்டியே கணித்து, ஐம்பது மீட்டர் தள்ளி ஒருவன் ஓட ஆரம்பித்திருப்பான். டிவியில் அவன் தெரியவே மாட்டான்.

ஜல்லிக்கட்டை டிவியில் பார்ப்பவர்களுக்கும் இதே குறைதான். வாடிவாசலில் மாடு வெளியே வருவதும், ஒரு பையன் திமிலில் தொங்குவதும் மட்டும் தெரியும். எங்கள் பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்தால்தான் முழு ஆட்டமும் தெரியும். எந்த மாடு நின்று சுற்றிச் சுழன்று விளையாடும், எது நேரே ஓடிவிடும், மாடுபிடி வீரர்கள் யார் யார் எங்கே காத்து நிற்கிறார்கள், அந்தப் பக்கம் கயிற்றோடு தவிக்கும் மாட்டுக்காரர் முகம், எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். எனக்கு ஜல்லிக்கட்டின் சட்டதிட்டத்தை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அப்பத்தா பக்கத்தில் நின்றேன். “இப்ப வர்றது கோயில் மாடு, அதை யாரும் தொட மாட்டாங்க”, “வாலைப் பிடிச்சான் பாரு, அது செல்லாது” என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாறு வருடத்தில் எனக்கே எல்லாம் தெரிந்திருந்தது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: விதிகளைப் படித்து முடித்துவிட்டுப் போக நினைக்காதீர்கள். தெரிந்த ஒருவர் பக்கத்தில் இடம் பிடித்து உட்காருங்கள். அங்கே உங்களுக்கு ஒரு அப்பத்தா கிடைப்பார். எனக்குக் கிடைத்தார்.

என் முதல் மேட்ச் 2015 ஆகஸ்டில், எம்சிஜியில் இல்லை, டாக்லண்ட்ஸ் என்ற இன்னொரு மைதானத்தில். கூரை மூடித் திறக்கும் மைதானம் அது. கூட வருவதாகச் சொன்ன தோழிக்குக் காய்ச்சல், நான் தனியாகப் போனேன். பக்கத்து இருக்கையில் எழுபது வயதை ஒட்டிய ஒரு அம்மா, கழுத்தில் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் கையால் பின்னிய மஃப்ளர். முதல் பத்து நிமிடம் இருவரும் பேசவில்லை. அப்புறம் கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் “பாஆஆல்!” என்று கத்தியது. நான் துள்ளிவிட்டேன். “இப்போது என்ன ஆயிற்று?” என்று அவரிடம் கேட்டேன். அந்த ஒரு கேள்விதான். அடுத்த இரண்டு மணி நேரம் அவர் வாய் மூடவில்லை.

அவர் சொன்ன வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியாது.

முதலில், பந்தை எறியக் கூடாது. இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே பாதி ஆட்டம் புரிந்துவிடும். பந்து நீள்வட்டமானது, கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆனால் அடுத்தவனுக்குக் கொடுக்க இரண்டே வழி. காலால் உதைக்கலாம். அல்லது ஒரு கையில் பந்தை வைத்து மறு கையின் முஷ்டியால் குத்தி அனுப்பலாம். அதற்கு ஹேண்ட்பால் என்று பெயர். ஓடும்போதும் சும்மா ஓட முடியாது, 15 மீட்டருக்கு ஒருமுறை பந்தைத் தரையில் தட்டியோ தொட்டோ ஆக வேண்டும். நீள்வட்டப் பந்தை முழு வேகத்தில் ஓடிக்கொண்டே தரையில் தட்டி மறுபடி கைக்கே வரவைப்பது எவ்வளவு பழக்கம் வேண்டிய வேலை என்று நேரில் பார்த்தால்தான் விளங்கும்.

அடுத்தது மார்க். ஒருவன் உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து, தரையில் படாமல் இன்னொருவன் கைக்குச் சுத்தமாக வந்தால் அது மார்க். பிடித்தவனை அதன்பின் யாரும் தொட முடியாது. நின்று நிதானித்து உதைக்கலாம். அதனால் உயரே வரும் பந்துக்கு நான்கைந்து பேர் சேர்ந்து எழும்புவார்கள். சில நேரம் ஒருவன் இன்னொருவனின் தோளிலும் முதுகிலும் முட்டிக்கால் வைத்து அவன் தலைக்கு மேலே ஏறிப் பந்தைப் பிடிப்பான். பிடிக்கும் முயற்சி உண்மையாக இருந்தால் அது தவறில்லை! நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன். என் வரிசையில் எல்லோருமே எழுந்திருந்தார்கள்.

இனி அந்த “பாஆஆல்”. இது கபடிக்காரருக்கு உடனே புரியும். பந்து வைத்திருப்பவனைத் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே எங்கு வேண்டுமானாலும் கட்டிப் பிடிக்கலாம். பந்தைக் கொடுத்துவிட அவனுக்கு வாய்ப்பு இருந்தும் கொடுக்காமல் மாட்டிக்கொண்டால், பிடித்தவனுக்குப் பந்து போய்விடும். வாய்ப்பு இருந்ததா, இல்லையா? அதை முடிவுசெய்வது அம்பயர், ஆனால் அம்பயருக்கு முன்பே கூட்டம் முடிவுசெய்துவிடும். தங்கள் ஆள் எதிராளியைப் பிடித்த நொடியில் “பந்து!” என்று பல்லாயிரம் பேர் சேர்ந்து கத்துவது அதற்குத்தான். இந்த ஒரு சத்தத்தைக் கற்றுக்கொண்டால் போதும், இரண்டாவது குவார்ட்டரிலேயே நீங்களும் சேர்ந்து கத்தலாம். நான் கத்தினேன்.

ஸ்கோர் விஷயம் லேசு. மைதானத்தின் இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டும் உயரம், ஓரத்தில் இருப்பவை குட்டை. நடு இரண்டுக்கும் இடையே, யார் கையும் படாமல் உதைத்து அனுப்பினால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. குறி தவறினாலும் ஒன்று கிடைக்கும் ஆட்டம் இது. ஸ்கோர் பலகையில் 13.11 (89) என்று போட்டிருந்தால் 13 கோல், 11 பிஹைண்ட், மொத்தம் 89 என்று அர்த்தம். கம்பத்தடியில் நிற்கும் கோல் அம்பயர் இரண்டு கையையும் முன்னே நீட்டி இரண்டு விரலைக் காட்டினால் ஆறு, ஒரு விரல் காட்டினால் ஒன்று. அப்புறம் கொடியை எடுத்து வீசுவார், மறு முனையில் இருக்கும் கோல் அம்பயர் பார்ப்பதற்காக. எனக்கு அந்த மைதானத்தில் மிகப் பிடித்த காட்சி அதுதான்.

நேரம் நான்கு குவார்ட்டர். ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்று கணக்கு, ஆனால் பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தைக் கழித்து மறுபடி சேர்ப்பதால் அரை மணிக்குப் பக்கமாகிவிடும். முடிவைச் சொல்வது விசில் இல்லை, சைரன். சைரன் ஊதும்போது ஒருவன் கையில் மார்க் இருந்தால், ஆட்டம் முடிந்த பிறகும் அவன் அந்த ஒரு உதையை உதைக்கலாம். ஐந்து புள்ளி பின்தங்கி இருக்கும் அணியின் ஆள் அப்படி ஒரு உதைக்கு நிற்கும்போது, முழு மைதானமும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.

ஆஃப்சைடு கிடையாது. இன்னும் நிறைய நுணுக்கம் உண்டு, அதெல்லாம் மூன்றாவது நான்காவது மேட்சில் தானாக வரும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்து போனால் ரசனை கூடும்: இந்த ஆட்டம் ஏன் கிரிக்கெட் மைதானத்தில் நடக்கிறது என்பது. 1858இல் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் கிரிக்கெட்டர்கள் உடம்பை விட்டுவிடாமல் இருக்கக் கால்பந்துச் சங்கம் ஒன்று வேண்டும் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த வருடம், 1859 மே மாதம், அவரும் இன்னும் சிலரும் மெல்போர்னில் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். அதனால்தான் இன்றும் மைதானம் நீள்வட்டம், அளவும் ஊருக்கு ஊர் மாறும். வில்ஸ் சிறுவயதில் அந்த மண்ணின் பூர்வகுடிப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அவர்கள் தோல் பந்தை உயர உதைத்து எழும்பிப் பிடிக்கும் ஒரு விளையாட்டை ஆடிவந்தார்கள். அதிலிருந்து இது வந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போகும் எம்சிஜியோ, 1877இல் முதல் டெஸ்ட் மேட்ச் நடந்த இடம். 2022 அக்டோபரில் பாகிஸ்தானுக்கு எதிராக ஹாரிஸ் ரவூஃப் பந்தில் கோலி அந்த இரண்டு சிக்ஸர் அடித்ததும் இதே மைதானம்தான். அந்த இரவு 90,000 பேருக்கு மேல் இருந்தார்கள். ஃபுட்டி இறுதிப்போட்டிக்கு அதற்கும் மேலே, ஒரு லட்சத்தைத் தொடும். 1970இல் 1,21,696 பேர் வந்தார்கள், அந்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன்.

மேட்ச் முடிந்து ரயிலேறப் போனால் அவரும் அதே பிளாட்பாரத்தில் நிற்கிறார். அவர் வீடும் ஃபுட்ஸ்க்ரேதான், என் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளி. அவருடைய அணி வெஸ்டர்ன் புல்டாக்ஸ். முன்பு அதற்கு ஃபுட்ஸ்க்ரே என்றே பெயர், ஊர்ப் பெயர்தான் அணிப் பெயர். தொழிற்சாலைகளும் குடியேறிய ஏழைச் சனங்களும் நிறைந்த பகுதி. 1954இல் அந்த அணி கோப்பை வென்றபோது அவருக்கு ஒன்பது வயது, அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். அதன் பிறகு கோப்பை இல்லை. 1989இல் கடன் தாங்காமல் அணியையே இன்னொரு அணியோடு இணைத்துவிட முடிவாகிவிட்டது. அப்போது ஊர்ச் சனங்கள் வீடு வீடாக, கடை கடையாகப் போய் உண்டியல் குலுக்கி, சில வாரத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி அணியை மீட்டார்கள். அவரும் டின்னைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலைய வாசலில் நின்றிருக்கிறார். ஓர் அணி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த ரயிலில்தான். அலங்காநல்லூரில் ஒரு காளையை வளர்க்கும் வீடு தான் சாப்பிடுவதைக் குறைத்து மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப்போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த வருடம், 2016. புல்டாக்ஸ் ஏழாம் இடத்தில்தான் லீக்கை முடித்தது. ஏழாம் இடத்திலிருந்து அதுவரை எந்த அணியும் கோப்பை வாங்கியதில்லை. கேப்டன் பாப் மர்ஃபிக்கு சீசன் தொடக்கத்திலேயே முழங்கால் போய்விட்டது. அப்படியிருந்தும் ஒவ்வொரு ஆட்டமாகத் தாண்டி வந்தார்கள். அக்டோபர் 1ஆம் தேதி எம்சிஜியில் சிட்னி அணியோடு இறுதிப்போட்டி. டிக்கெட் கிடைக்கவில்லை. அந்த அம்மா வீட்டு வரவேற்பறையில், அவர் மகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு வியட்நாமியக் குடும்பம், நான், எல்லோரும் டிவி முன்னால். கடைசிக் குவார்ட்டரில் டாம் பாய்டு வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து குதித்துக் குதித்து, யாரும் எட்டுமுன் நடுக் கம்பங்களுக்கு இடையே உருண்டு போனது. 89க்கு 67. அறுபத்திரண்டு வருடம்! அந்த அம்மா கத்தவில்லை. அந்த மஃப்ளரை முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மேடையில் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ், ஆட முடியாமல் போன மர்ஃபியை அழைத்துத் தன் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அறையில் அழாதவர் யாருமில்லை. மறுநாள் ஃபுட்ஸ்க்ரேயில் அணியின் பழைய மைதானமான விட்டன் ஓவலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நானும் அதில் நின்றேன். ஆவணி மூலவீதியில் சாமி புறப்பாடு பார்க்க நிற்பதுபோலத்தான் இருந்தது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மைதானத்தை விட்டால் அந்த ஊரில் நான் இருந்தது நூலகம், பகுதிநேர வேலை, வாடகை வீடு என்ற மூன்று இடத்தில்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் அப்படியே இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டு, நம் ஆட்களோடு மட்டுமே பேசிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. அந்த ஊர்க்காரர்கள் முன்பின் தெரியாதவரோடு தயங்காமல் பேசும் இடம் மைதானம். இரு அணி ரசிகர்களுக்கும் தனித்தனிப் பகுதி என்று பிரிப்பது அங்கே வழக்கமில்லை, கலந்தே உட்காருவார்கள். பெண்கள், பாட்டிமார், கைக்குழந்தை எல்லாம் வருவார்கள். எங்கள் ஊரில் நான் மாடியிலிருந்து மட்டுமே பார்த்தவள். அங்கே கூட்டத்தின் நடுவே, தனியாக, இரவு ஆட்டத்துக்குப் போய்ப் பயமில்லாமல் ரயிலேறி வீட்டுக்கு வந்தேன்.

நம்மை எப்படி நடத்துவார்கள் என்று கேட்டீர்கள். இதை மூடி மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் போய் இறங்கிய அதே மாதங்களில்தான் ஆடம் குட்ஸ் என்ற பூர்வகுடி வீரரைக் கூட்டம் மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு அவமதித்தது. ஆட்டத்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதை இருமுறை வாங்கியவர், 2014இல் அந்த நாட்டின் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’. இனவெறியை வெளிப்படையாகப் பேசியதுதான் அவர் செய்தது. மனம் நொந்து ஒரு வாரம் ஆடாமல் ஒதுங்கினார், அந்த சீசனோடு ஓய்வு பெற்றார். 2019இல்தான் லீக்கும் 18 அணிகளும் அவரிடம் மன்னிப்புக் கேட்டன. அதற்கும் முன்னால் 1993இல், கூட்டம் வசைபாடியபோது நிக்கி வின்மார் என்ற வீரர் தன் பனியனைத் தூக்கித் தன் கறுத்த தோலைச் சுட்டிக்காட்டி நின்ற படம் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்த நோய் அந்த ஆட்டத்தில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதை எதிர்த்து நிற்பவர்களும் அதே கூட்டத்தில்தான் இருக்கிறார்கள். என் இரண்டு வருடத்தில் மைதானத்தில் ஒரே ஒருமுறை ஒருவர் என்னைப் பார்த்துத் தகாத வார்த்தை சொன்னார். நான் திரும்புவதற்குள் முன்வரிசையில் இருந்த ஒரு குடும்பமே எழுந்து அவரை அடக்கியது, பாதுகாப்புப் பணியாளரையும் அவர்களே கூப்பிட்டார்கள். அப்படி எதுவும் நடந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, உடனே மைதானப் பணியாளரிடம் சொல்லுங்கள்.

இனி ஜூலை மாத விஷயம். நமக்கு ஜூலை என்றால் வெயில், அங்கே நடுக்குளிர். பகலிலேயே 13, 14 டிகிரிதான், இரவில் அதில் பாதி. டிசம்பர் மாதக் கொடைக்கானலில் மூன்று மணி நேரம் அசையாமல் சிமெண்ட் படியில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? எம்சிஜிக்குக் கூரை மூடும் வசதி கிடையாது, நடுவில் திறந்த வானம். மதுரையில் வாங்கிய ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள். உள்ளே ஒட்டினாற்போல் ஒரு வெப்ப பனியன், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட், காதை மூடும் குல்லா, இரண்டு சாக்ஸ். காலில் ஏறும் குளிர்தான் கொடுமை.

சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துப் போகலாம், எம்சிஜியில் அனுமதி உண்டு. கண்ணாடி பாட்டிலும் டின்னும் கூடாது. நான் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவேன், அந்த அம்மாவுக்கும் அது பழகிவிட்டது. உள்ளே விற்பது எல்லாம் விலை அதிகம். மீட் பை என்று ஒன்று, கறி அடைத்த சின்ன ரொட்டி மாதிரி, மேலே தக்காளி சாஸ் ஊற்றிச் சாப்பிடுவது அந்த ஆட்டத்தின் சடங்கு. பெரும்பாலும் மாட்டுக்கறிதான், சாப்பிடாதவர்கள் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லோருக்கும் ஆகும்.

டிக்கெட் போடும் சீனியர்களிடம் கம்பங்களுக்குப் பின்னால் வேண்டாம், பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில் போடச் சொல்லுங்கள். முதல்முறை பார்ப்பவருக்கு அதுதான் மொட்டைமாடி. 36 பேரும் எப்படி விரிகிறார்கள், சுருங்குகிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும். மாணவர் அட்டைக்குச் சலுகை உண்டா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். ரயிலில் போனால் ரிச்மண்டிலோ ஜோலிமாண்டிலோ இறங்கலாம். ஆனால் முதல்முறை ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தில் இறங்கி, யாரா ஆற்றங்கரையோடு நடந்து, வில்லியம் பராக் பாலம் ஏறிப் போங்கள். அந்தப் பாலத்தின் மேல் அத்தனை நிறத்து மஃப்ளர்களோடும் கூட்டம் போவதும், எதிரே மைதானத்தின் விளக்குகள் எரிவதும் பார்க்க வேண்டிய காட்சி. அரை மணி முன்னதாகவே உட்கார்ந்துவிடுங்கள். வீரர்கள் காகிதத்தால் செய்த ஒரு பிரமாண்டமான பேனரைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவருவார்கள். ரசிகர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒட்டிய பேனர் அது. பாதி ஆட்டத்தில் குட்டிக் குட்டிப் பிள்ளைகள் வந்து ஆடுவதையும் விடாதீர்கள், அந்த நேரத்தில் சாப்பாட்டு வரிசைக்கு ஓட வேண்டாம்.

எல்லோரும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: எந்த அணிக்கு ‘பேரக்’ பண்ணுகிறாய்? ஆதரவு என்பதற்கு அங்கே அந்தச் சொல்தான். அவசரப்பட்டு எந்த அணியின் மஃப்ளரையும் வாங்காதீர்கள். “இன்னும் முடிவு பண்ணவில்லை” என்று சொல்லுங்கள். சுற்றி இருக்கும் நான்கு பேரும் தங்கள் அணிதான் உனக்குச் சரி என்று காரணத்தோடு சொல்ல ஆரம்பிப்பார்கள். அந்தக் கதைகள்தான் அந்த ஊரின் கதை. தங்கும் பகுதிக்கும் அணிக்கும் பழைய உறவு இருக்கும், அதைக் கேட்டுப் பிறகு முடிவு பண்ணுங்கள்.

நம் பக்கத்துக் கதையையும் கையில் வைத்திருங்கள், நிச்சயம் கேட்பார்கள். 2017 ஜனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் நம் பிள்ளைகள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த செய்தி அங்கேயும் வந்தது. அந்த அம்மா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, இதை எனக்கு முதலிலிருந்து சொல் என்றார். வாடிவாசல், திமில், தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் எங்கள் ஊர் என்று ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னேன். மாட்டைக் குத்துவதோ கொல்வதோ இதில் இல்லை என்பதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். முதலில் வரும் கோயில் காளையை ஏன் யாரும் பிடிப்பதில்லை என்று கேட்டார். அது சாமிக்கு விட்டது, அதற்கு மரியாதை கொடுத்துவிட்டுத்தான் ஆட்டம் என்றேன். தன் அணி பேனரைக் கிழித்துக்கொண்டு வரும் அந்த நிமிடத்தோடு அதை அவரே ஒப்பிட்டுப் பேசினார். எனக்கு அது தோன்றியதே இல்லை.

இப்போதும் ஒவ்வொரு மார்ச்சிலும் சீசன் தொடங்கும்போது அவரிடமிருந்து செய்தி வரும். தை மூன்றாம் நாள் சாயங்காலம் அலங்காநல்லூரில் யாருக்குக் கார், எந்த மாடு முதல் பரிசு என்று நான் அவருக்கு எழுதுவேன். எண்பது தாண்டிவிட்டது, ஆனாலும் தன் அணியின் சொந்த மைதான ஆட்டங்களை அவர் விடுவதில்லை. தம்பி, நீங்கள் ஃபுட்ஸ்க்ரே பக்கம் வீடு பார்ப்பதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவரிடம் சொல்லி வைக்கிறேன். போகும்போது புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள்.